3(பி) சார்ஜ் மெமோ கையில் வந்த காவலர் என்ன செய்ய வேண்டும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. தம்பி இரண்டாம் நிலைக் காவலர். ஆந்திர எல்லையோரச் சோதனைச் சாவடி ஒன்றில் இரவுப் பணியில் இருந்தபோது, மணல் டிப்பரைப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. மறுநாளே சஸ்பென்ஷன். அப்புறம் ஒரு கிரிமினல் வழக்கு. இப்போது 3(பி) சார்ஜ் மெமோ, அதாவது துறை விசாரணைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வந்திருக்கிறது. வேலை போய்விடுமா? கோர்ட்டில் விடுதலையானால் இதுவும் தானாக முடிந்துவிடுமா? இப்போதே ஹைகோர்ட்டுக்குப் போய் நிறுத்த முடியாதா? எம்.எல்.ஏ.வைப் பார்க்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிறார், பார்க்கலாமா?

நான் காவல்துறையின் அமைச்சுப் பணியில், அதாவது அலுவலக எழுத்து வேலையில், இருந்து ஓய்வு பெற்றவன். பழைய வட ஆற்காடு வட்டாரத்தில் பி.ஆர். கோப்புகளோடுதான் பெரும்பாலான காலம் போயிற்று. பி.ஆர். என்றால் தண்டனைப் பதிவேட்டு எண். உங்கள் தம்பியின் மெமோவின் தலையிலும் அந்த எண் இருக்கும், பாருங்கள்.

வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கப்போவது ஏதோ ஒரு டி.எஸ்.பி. அலுவலகத்தில் நடக்கப்போகும் வாய்மொழி விசாரணைதான். அங்கே ஃபைலில் ஏறாத எதுவும் பிறகு டி.ஐ.ஜி. கண்ணிலும் படாது, உயர் நீதிமன்ற நீதிபதி கண்ணிலும் படாது. உங்கள் வீட்டில் எல்லாரும் ஹைகோர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்த விசாரணையைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் விதி. மற்ற அரசு ஊழியர்களுக்கு 17(ஏ), 17(பி) என்று சொல்கிறார்களே, அது தமிழ்நாடு குடிமைப் பணிகள் விதி. காவலர் முதல் கீழ்நிலைக் காவல் பணியில் இருப்பவர்களுக்குத் தனி விதித்தொகுப்பு: தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955. அதில் 3(ஏ) என்பது சிறு தண்டனைக்கான வழி. மெமோ கொடுப்பார்கள், விளக்கம் வாங்குவார்கள், கண்டனமோ கரும்புள்ளியோ ஊதிய உயர்வைத் தள்ளிவைப்பதோ என்று ஆணை போட்டு முடித்துவிடுவார்கள். 3(பி) பெரிய தண்டனைக்கானது. பதவிக் குறைப்பு, ஊதியக் குறைப்பு, கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு (டிஸ்மிஸ்) எல்லாம் இதன் கீழ்தான். அதனால்தான் சாட்சிகளை வைத்து முறையாக விசாரித்தே ஆக வேண்டும். 3(பி) போட்டாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 3(பி)யில் ஆரம்பித்து ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு முடிந்த கோப்புகளே நான் அதிகம் பார்த்தது. ஆனால் பணம் வாங்கிய குற்றச்சாட்டு நிரூபணமானால் துறை இரக்கம் காட்டுவது அரிது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் மேலே அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு இருக்கிறது. நியமனம் செய்தவருக்குக் கீழே உள்ள அதிகாரி வேலையை விட்டு எடுக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே எடுக்கலாம். காவலருக்கு நியமன அதிகாரி எஸ்.பி.தான், ஆகவே அவர் கையெழுத்தே போதும். விசாரணை இல்லாமலே அனுப்ப அந்தப் பிரிவில் மூன்று விலக்குகள் உண்டு: கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றிருப்பது, விசாரணை நடத்துவதே நடைமுறையில் சாத்தியமில்லை என்று காரணத்தை எழுதி வைப்பது, நாட்டின் பாதுகாப்பு. இப்போதைக்கு மூன்றும் உங்களுக்குப் பொருந்தாது. முதலாவதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

இனி மெமோவைக் கையில் எடுங்கள். குற்றச்சாட்டு, அதை விவரிக்கும் பின்னிணைப்பு, சாட்சிகள் பட்டியல், ஆவணங்கள் பட்டியல் என்று இருக்கும். கடைசி இரண்டையும் யாரும் சரியாகப் படிப்பதில்லை. எல்லாரும் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, பதறிப்போய், கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப் அடிக்கும் கடைக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு நமூனா தயாராக இருக்கும்: "நான் குற்றமற்றவன். எனினும் கனம் ஐயா அவர்கள் என் குடும்ப நிலையைக் கருதி இம்முறை மன்னித்தருளுமாறும், இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன்." இந்த இரண்டு வரி எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது தெரியுமா? இனி நடக்காது என்றால் அப்போது நடந்தது என்றுதானே அர்த்தம்? விசாரணை அதிகாரி அதை அப்படியே எடுத்து "தவறை மறைமுகமாக ஒப்புக்கொண்டுள்ளார்" என்று எழுதிவிட்டுப் போவார். மரியாதையாக எழுதலாம், தவறில்லை. மன்னிப்பு மட்டும் கேட்க வேண்டாம்.

பதில் கொடுக்கும் முன்பே ஒரு மனு போட வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆவணத்தின் நகலும், பூர்வாங்க விசாரணையில் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களின் நகலும், வீடியோவின் முழுப் பிரதியும் வேண்டும் என்று எழுதிக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். வாக்குமூல நகல் கொடுக்காததாலேயே உத்தரப்பிரதேசத்தில் ஒரு காவல் கண்காணிப்பாளரின் பணியறவு ஆணையை 1986-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, காசிநாத் தீக்ஷிதா வழக்கு. எஸ்.பி. அந்தஸ்தில் இருந்தவருக்கே அந்த நிலை. நகல் கொடுக்க மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் கேளுங்கள்.

கூடவே பட்டியலில் இல்லாத, உங்களுக்குச் சாதகமான ஆவணங்களையும் கேட்க வேண்டும். அன்றைய நிலையப் பொது நாட்குறிப்பு, பணி ஒதுக்கீட்டுப் பதிவு, தம்பியை அந்தச் சாவடிக்கு அனுப்பிய பாஸ்போர்ட், சாவடியின் வாகனப் பதிவேடு, அந்த இரவு எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், அவர்களில் மேலதிகாரி யார் என்ற விவரம். காவல்துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பாஸ்போர்ட் என்பது வெளிநாடு போவதற்கானது இல்லை. காவலரை ஒரு பணிக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டு. எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எங்கே ஆஜரானார் என்று அதில் இருக்கும். வீடியோவில் ஒரு நேரமும் இந்தச் சீட்டில் வேறு நேரமும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேண்டியதில்லை. இந்தப் பதிவேடுகளுக்கு ஆயுள் குறைவு, சீக்கிரம் கேளுங்கள்.

சரி, விசாரணை நாள். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.யாகவோ ஏ.டி.எஸ்.பி.யாகவோ இருப்பார். பொதுவாக வழக்கறிஞரை உள்ளே விடமாட்டார்கள். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமென்றால் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளே போனால் காட்சி இப்படி இருக்கும்: மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, ஓரத்தில் எழுத்தர். சாட்சியாக வருபவர் தம்பியோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட ஏட்டையா. அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவார். முடிந்ததும் அதிகாரி தலையை நிமிர்த்தாமலே "ஏதாவது கேக்கறியா?" என்பார். நம் ஆள், சீருடைப் பழக்கத்தில் விறைப்பாக நின்றபடி, "இல்லைங்க ஐயா" என்பார். எழுத்தர் அடியில் "குறுக்கு விசாரணை: இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பார். அதன் கீழே கையெழுத்து. நான் படித்த கோப்புகளில் பாதிக்கு மேல் சாட்சிக்குச் சாட்சி இந்த ஒரு வரிதான். ஐந்து வருடம் கழித்து வழக்கறிஞர் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "வாய்ப்புக் கொடுத்தார்களே, நீங்கள் ஏன் கேட்கவில்லை?" என்பார். அதற்குப் பதில் கிடையாது.

ஆகவே கேட்க வேண்டும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசுவதாக நினைக்கக் கூடாது, விதி கொடுத்த உரிமை அது. ஒவ்வொரு சாட்சிக்கும் நாலைந்து கேள்வி முன்னாலேயே தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். நீங்கள் நேரில் பார்த்தீர்களா? எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? அந்த வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதியது யார்? பூர்வாங்க விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை? இவ்வளவே போதும். சாட்சி அவமானப்படும்படி எதுவும் வேண்டாம், நாளைக்கு அதே ஏட்டையாவோடு பணி பார்க்க வேண்டியிருக்கும். கேள்வியை எழுத மறுத்தால் அன்றைக்கே மனுவாக எழுதி, தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தப்பு நம்பிக்கையை உடைக்க வேண்டும். "லாரி டிரைவரையே சாட்சியாகக் கொண்டுவரவில்லையே, கேஸ் நிற்காது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நிற்கும். 1977-ல் ஹரியானா பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கில் இதையே சொன்னார்கள். டிக்கெட் இல்லாமல் பயணித்தவர்களை விசாரிக்கவில்லையே என்றார்கள். பரிசோதகரின் சாட்சியம் இருக்கிறது, துறை விசாரணைக்கு அது போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துறை விசாரணையில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றும் அளவுக்கு ஏதாவது ஓர் ஆதாரம் இருந்தால் போதும்.

அதற்காக ஆதாரமே இல்லாமல் முடித்துவிடவும் முடியாது. கிரிமினல் வழக்கின் எஃப்.ஐ.ஆரை மட்டும் கோப்பில் வைத்துவிட்டு "நிரூபணம்" என்று எழுத முடியாது. ஆவணத்தை வைத்தால் அதைப் பற்றிச் சொல்ல ஒருவர் வர வேண்டும், 2008-ல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீடியோவிலும் உங்கள் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். யார் எடுத்தது? எடுத்தவரை விசாரித்தார்களா? வெட்டி ஒட்டாத முழுப் பதிவு எங்கே? பத்து குரூப் தாண்டி வந்த துண்டுக் காட்சியை மட்டும் வைத்து, எடுத்தவரும் தெரியாமல், அதில் இருப்பவர் தம்பிதான் என்று அடையாளம் சொல்ல ஆளும் இல்லாமல் இருந்தால், அதைப் பதிலிலும் குறுக்கு விசாரணையிலும் பதிவு செய்துவிடுங்கள்.

விசாரணை அதிகாரியின் நடுநிலை பற்றியும் ஒரு வார்த்தை. அன்றிரவு திடீர்ச் சோதனைக்குப் போய்த் தம்பியைப் பிடித்த அதிகாரியே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தால் முதல் நாளே ஆட்சேபம் எழுதுங்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு காவலர் மீதான விசாரணையில், விசாரித்த போலீஸ் அதிகாரியே நடுவில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்த கூத்தை 1957-லேயே முகம்மது நூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. விசாரணை அதிகாரியே அரசு வழக்கறிஞர் மாதிரி மாறி, சாட்சியின் வாயில் பதிலைத் திணிக்கிற கேள்விகளைக் கேட்டாலும் அந்தக் கேள்விகள் பதிவில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசுவதற்கு அது வேண்டும்.

விசாரணை முடிந்ததும் அதிகாரி "மினிட்ஸ்" எழுதுவார், அதாவது குற்றச்சாட்டு நிரூபணமா இல்லையா என்ற முடிவு. அதன் நகலைத் தம்பிக்குக் கொடுத்து, மேல் விளக்கம் கேட்க வேண்டும். இதை 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டதால் இப்போது பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். பலர் இந்த இடத்தில் அசந்துபோய் "முன்பு கொடுத்த விளக்கத்தையே ஏற்கவும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். எந்தச் சாட்சி எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார், மினிட்ஸில் அது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். சில நேரம் டி.எஸ்.பி. "நிரூபணமாகவில்லை" என்று எழுதியும் எஸ்.பி. ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படி மாறுபட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஏன் மாறுபடுகிறார் என்று காரணம் சொல்லி, அதற்கும் விளக்கம் கேட்ட பிறகே தண்டிக்கலாம். பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் கூட்டப்போகிறார்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆணை வந்ததும் அதில் திடீரென்று 2014-ஆம் வருடத்துக் கரும்புள்ளி தலை நீட்டுகிறதா என்று பாருங்கள்.

சஸ்பென்ஷன் தனிக் கதை. அது தண்டனை இல்லை. கணக்குப்படி வேலையில்தான் இருக்கிறார், வேலை வாங்கவில்லை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும். நாளாக ஆக அதைக் கூட்டலாம், தாமதத்துக்கு ஊழியரே காரணம் என்றால் குறைக்கவும் செய்யலாம். வேறு வேலை பார்க்கவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். இந்தச் சமயத்தில் மாமாவின் பைனான்ஸ் கடையில் உட்காருவது, நண்பனின் வண்டியை வாடகைக்கு ஓட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியூர் போவதும் கூடாது, திருப்பதியானாலும் சரி. பிழைப்பூதியம் நின்றுபோனால் உடனே எழுதிக் கேளுங்கள். அதைக் கொடுக்காமல் ஊழியர் வராத நிலையில் நடத்திய விசாரணை செல்லாது என்று 1999-ல் பால் ஆண்டனி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் சார்ஜ் மெமோ கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்கிற 2015 தீர்ப்பையும் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு மெமோ வந்துவிட்டது. எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் பாருங்கள். கெடுவுக்குள் வந்திருந்தாலும், நீட்டிப்பதற்குக் காரணம் காட்டி ஆணை போட்டிருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மறுபடி வேலையில் எடுத்து ஆயுதப்படைக்கு அனுப்பியதும் மனசு ஒடிந்து, சொல்லாமல் வீட்டில் படுத்துவிடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். தகவல் இல்லாமல் 21 நாள் வராவிட்டால் விட்டோடியாக அறிவித்துப் பெயரை எடுத்துவிடுவார்கள். மணல் வழக்கில் தப்பித்து, வராத வழக்கில் மாட்டுவதற்கு அதுவே வழி. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் படுக்கட்டும்.

கிரிமினல் வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. குற்றச்சாட்டும் சாட்சிகளும் ஒன்றாக இருந்து, விஷயமும் சிக்கலாக இருந்தால், துறை விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். நம் தற்காப்பு முன்கூட்டியே வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். ஆனால் வருடக்கணக்கில் தள்ளிவைக்க மாட்டார்கள். கோர்ட்டில் விடுதலையானால் இது தானாகப் போகாது. இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கே இருக்கிறது. குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்குப் போன ஒரு காவலர், தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றச்சாட்டு. துறை விசாரணையில் வேலை போயிற்று. கிரிமினல் கோர்ட்டிலோ சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலை. உயர் நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுத்தும், 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. சாட்சி பிறழ்ந்து கிடைக்கும் விடுதலை கௌரவமான விடுதலை ஆகாது, அப்படிக் கிடைத்தாலும் விதியில் இல்லாதபோது வேலையைத் தானாகக் கேட்க முடியாது என்றது. ஆகவே சாட்சியைச் சரிக்கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, துறை விசாரணையில் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. மறுபுறம், கோர்ட்டில் தண்டனை என்றால் அப்பீல் நிலுவையில் இருந்தாலும் வேலையை எடுக்கலாம். முன்னே சொன்ன முதல் விலக்கு அதுதான். இதுவும் 1995-ல் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவரின் வழக்கிலேயே தீர்ந்த விஷயம்.

எம்.எல்.ஏ. சிபாரிசு வேண்டாம். காவலர் நடத்தை விதிகளில் வெளியாளைக் கொண்டு அழுத்தம் கொடுப்பதே தனிக் குற்றம். கடிதம் வந்தால் அதுவும் பக்க எண் போட்டுக் கோப்பில் சேரும், அதை வைத்து இன்னொரு மெமோவும் வரலாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்போதே ஹைகோர்ட்? வெறும் சார்ஜ் மெமோவை எதிர்த்து ரிட் போட்டால் பெரும்பாலும் "போய் விளக்கம் கொடு" என்று அனுப்பிவிடுவார்கள். அதிகாரமே இல்லாதவர் மெமோ கொடுத்திருந்தாலோ, காரணமில்லாமல் பல வருடம் கழித்து மெமோ வந்திருந்தாலோதான் தலையிடுவார்கள். உங்களுக்கு இரண்டும் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

பாதகமான ஆணை வந்தால் எஸ்.பி.யின் ஆணைக்கு மேல்முறையீடு வேலூர் சரக டி.ஐ.ஜி.யிடம். 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எனத் தனி மாவட்டங்கள் பிரிந்த பிறகும் அவையும் திருவண்ணாமலையும் இதே சரகம்தான். ஆணை கைக்கு வந்த தேதியை அதன் முதல் பக்கத்திலேயே குறித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும், கெடு அதிலிருந்துதான் ஓடும். மேல்முறையீட்டு மனுவில் குடும்பக் கஷ்டத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டு, நகல் கேட்டுக் கொடுக்காதது, கேள்வியைப் பதிவு செய்யாதது, மினிட்ஸில் விட்டுப்போன பதில்கள் ஆகியவற்றை முன்னால் வையுங்கள். அதிலும் தோற்றால் டி.ஜி.பி.க்கு மறுஆய்வு மனு, அரசுக்குக் கருணை மனு, பிறகு சென்னை உயர் நீதிமன்றம். அங்கே சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். விசாரணை முறையாக நடந்ததா, ஆதாரம் ஏதாவது இருக்கிறதா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு அதிகமா என்று மட்டும் பார்ப்பார்கள்.

மெமோவில் பதிலுக்கு எத்தனை நாள் என்று இருக்கும். நகல் கேட்கும் மனு அந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நகல் கிடைத்த பிறகு பதில் தருவதாக அதிலேயே ஒரு வரி சேர்த்து, கால நீட்டிப்பும் கேட்டுவிடுங்கள்.